படம் வராத டிவி

நாத்தனார் என் வீட்டுக்கு வந்து சுத்தம் செய்யக் கிளம்பினால் ஏதாவது ஒரு சாமான் காணாமல் போகும். மறுநாள் அவள் மகளுக்குப் பதிவுத் திருமணம். பதிவு முடிந்து சம்பந்தி வீட்டார் இங்கேதான் வருவார்கள் என்று காலையிலிருந்து என் வீட்டை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கேமராவும் கையுமாகப் பின்னறைக்குப் போனேன். மேஜை வெறிச்சென்று இருந்தது.

"அண்ணி, இங்க இருந்த டிவி எங்க?"

"அந்தத் தொப்பை டிவியா? பழைய சாமான் கடையில போட்டுட்டேன். படமே வரல, வெறும் புள்ளியாக் கொட்டுது. அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகத் திட்டியிருப்பேன். கல்யாண வீட்டுக்காரி என்று அடக்கிக்கொண்டேன். ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. எனக்கு வேண்டியதே அந்தப் புள்ளிகள்தான். லென்ஸைக் கழற்றி, கேமராவின் பின்கதவைத் திறந்து, அந்தத் திரைக்கு நேரே பிடித்து ஷட்டரை அழுத்தினால் சாய்வாக ஒரு வெளிச்சப் பட்டை தெரியும். பட்டை முழுக்க ஒரே அகலமாக இருந்தால் உள்ளே ஷட்டரின் இரண்டு துணித் திரைகளும் ஒழுங்காக ஓடுகின்றன என்று அர்த்தம். ஒரு முனை ஒல்லியானால் படத்தில் ஓரம் இருட்டு.

கொழுந்தன் கல்யாணத்தில் அப்படித்தான் ஆனது. இதே கேமரா ஒவ்வொரு படத்திலும் வலது ஓரத்தை விழுங்கிவிட்டது. அங்கே நின்ற மாப்பிள்ளை காணாமல் போக, மணப்பெண் மட்டும் இருட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எந்தம்பிக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்று நாத்தனார் அன்றிலிருந்து என் காலை வாருகிறாள். அவள் மகளோ, நான்தான் எடுக்க வேண்டும், ஃபிலிமில்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பழைய பிசுக்கைத் துடைத்து ஸ்பிரிங்கைச் சரிசெய்து வைத்திருந்தேன். கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது?

விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது. "கடை சாத்தறதுக்குள்ள போயிடலாம், வா" என்று எனக்கு முன்னால் செருப்பை மாட்டினாள்.

கடையில் டிவி குப்புறக் கிடந்தது. கடைக்காரர் பின்மூடித் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க. ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

"இதுல படம் வராதும்மா."

"தெரியும்ணே. படம் வேணாம்."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒயரை மாட்டினார். திரை முழுக்கப் புள்ளிகள் கொட்டின. ஷட்டரை உயர்ந்த வேகத்தில் வைத்து அழுத்தினேன். பட்டையின் ஒரு முனை ஒல்லியாக இருந்தது. பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தேன். அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அடிமூடியைத் திறந்து, ஸ்பிரிங் திருகை இம்மியளவு திருப்பினேன். மறுபடி அழுத்தினேன். திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பட்டை முழுக்க ஒரே அகலம்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்கும் காட்டு" என்று நாத்தனார் கண்ணைக் கொண்டுவந்து வைத்தாள். அழுத்தினேன். "ஏதோ கோடு மாதிரி ஓடுச்சு. நல்லதா?"

"ரொம்ப நல்லது அண்ணி." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பாவம், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

டிவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். தெருமுனையில் மூச்சு வாங்க இறக்கி வைத்தோம்.

"நாளைக்குப் போட்டோவுல மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் நான் நின்னுக்கறேன்" என்றாள். "வலது ஓரத்துல."