கும்ஹெலிக்கில் போட்ட கோல்

எம்லின் ப்ராசர் பதினேழு வருஷம் கால்பந்தையே தொழிலாக ஆடினான். நூற்று நாற்பத்து மூன்று கோல் போட்டான். வேல்ஸ் நாட்டுக்காகச் சிவப்புச் சட்டையை மூன்று முறை அணிந்தான். ஆனால் சொந்த ஊரான கும்ஹெலிக்கில் அவன் பெயரைச் சொன்னால், "எந்த எம்லின்? நம்ம டீமைக் கவுத்துட்டுப் போனானே, அவனா?" என்றுதான் வெகுகாலம் கேட்டார்கள்.

கும்ஹெலிக் மைதானம் மலைச் சரிவில் கிடந்தது. சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தின் பக்கத்துக் கோலுக்கும் ஆற்றுப் பக்கத்துக் கோலுக்கும் இடையே ஓர் ஆள் உயரம் இறக்கம். மழை பெய்தால் கரித்தூளும் சேறும் கலந்து, ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்கும் சுரங்கத்திலிருந்து ஏறி வருகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கேதான் எம்லினும் ஹேண்டல் பேனனும் வளர்ந்தார்கள். ஹேண்டலின் அப்பா சேப்பல் பாடகர் குழுவை நடத்தியவர். மகனுக்குப் பெரிய சங்கீதக்காரர் ஒருவரின் பெயரை வைத்துவிட்டுச் சுரங்க விபத்தில் சீக்கிரமே போய்விட்டார். ஹேண்டலுக்கு நீளக் கை. அதனால் கோல்கீப்பர் ஆனான். எம்லின் குள்ளமுமில்லை, நெட்டையுமில்லை. ஆனால் எம்பினால் காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டு இறங்குவான். பள்ளி விட்டதும் இருட்டும்வரை எம்லின் பந்தைத் தலையால் முட்டுவான், ஹேண்டல் பாய்ந்து பிடிப்பான். ஹேண்டலின் கை எட்டாத மூலை எது என்று தேடித் தேடித்தான் எம்லினுக்கு அந்த வித்தை படிந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் இங்கிலாந்தின் வடக்கே இருந்த ஹெசல்டன் டவுன் கிளப்பிலிருந்து தொப்பி வைத்த ஒருவர் வந்தார். கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்று பார்த்தார். எம்லின் அன்று மூன்று கோல் போட்டான். அவர் வீட்டுக்கு வந்து டீ குடித்து, எம்லினின் அம்மா கைன்வென் சுட்டுக் கொடுத்த திராட்சை ரொட்டிகளில் ஆறு தின்றுவிட்டு, பையனை எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். அப்பா இருமலுக்கு நடுவே ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போகட்டும்." தன் நெஞ்சில் படிந்த சுரங்கத் தூசி மகன் நெஞ்சில் படியாது என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

ரயிலடிக்குப் பெட்டியைத் தூக்கி வந்தவன் ஹேண்டல்.

"அங்க போய் இங்கிலீஷ்காரன் மாதிரி பேசிக்கிட்டுத் திரும்பி வந்தேன்னு வையி, பல்லு இருக்காது" என்றான். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கினவன், ரயில் வளைவில் மறைகிற வரை நின்றான். அவன் பக்கத்தில் அவன் தங்கை நெஸ்டாவும் நின்றாள். அன்றைக்கு அதை எம்லின் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வருஷ விடுமுறையில் வந்தபோது எடுத்துக்கொண்டான்.

ஹெசல்டனில் எல்லா வேல்ஸ்காரர்களையும் போல அவனுக்கும் 'டாஃபி' என்று பெயர் விழுந்தது. முதல் குளிர்காலம் முழுக்க அழுகையாக வந்தது. அவன் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா போடுகிற டீ சாயத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை யாருமே பாட மாட்டார்கள். பதினெட்டு வயதில் பெரிய அணிக்காக முதல் ஆட்டம். பத்தொன்பதில் இடம் நிலையானது. இருபத்திரண்டில் செய்தித்தாளில் அவன் எம்பி நிற்கிற படம் வந்தது. கைன்வென் அதைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். ஈஸ்டருக்கு நெஸ்டாவைக் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவாயிற்று. அப்பா இல்லாத பெண்ணாதலால் அண்ணன் ஹேண்டல்தான் கைப்பிடித்து அழைத்துவந்து கொடுக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்றில் யார் யாரோடு ஆடுவதென்று சீட்டு எடுத்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் ஹெசல்டன் ஆட்டக்காரர்கள் எல்லாம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கும்ஹெலிக் அந்த வருஷம் யாரும் நினைக்காத தூரம் வந்திருந்தது. கும்ஹெலிக் மைதானத்தில் கும்ஹெலிக், எதிரே ஹெசல்டன் டவுன் என்று அறிவிப்பு வந்தது.

"டாஃபி, உங்க ஊருல புல்லு மொளைக்குமா, இல்ல கரிதானா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எம்லினும் சிரித்தான்.

மூன்றாம் நாள் ஹேண்டலிடமிருந்து கார்டு வந்தது. "மாப்ள, தங்கச்சியத் தர்றேன். கோல் தரமாட்டேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

எம்லின் மேனேஜரிடம் போய், இந்த ஒரு ஆட்டத்துக்கு என்னை விட்டுவிடுங்கள் என்றான். மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். உன் அம்மா ஆட்டத்துக்கு வருகிறாளா என்று கேட்டார். வருகிறாள் என்றான். "அப்ப அவங்களுக்காகவாவது ஆடு" என்று சொல்லிவிட்டுத் தன் தாள்களில் குனிந்துகொண்டார்.

ஜனவரி மாதச் சனிக்கிழமை. உறைபனி மீது சாம்பல் தூவியிருந்தார்கள். ஆயிரம் பேர் நிற்கக்கூடிய இடத்தில் நாலாயிரம் பேர். கூரைகள் மேலும், பின்னால் இருந்த கரிக்கழிவு மேட்டிலும் ஆட்கள். எம்லின் உள்ளே ஓடிவந்தபோது கைதட்டினார்கள். அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளை. கைன்வென் முன் வரிசையில் கும்ஹெலிக்கின் பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். முதல் நாளே மகனிடம் சொல்லிவிட்டாள்: "நான் உன் அம்மாதான். ஆனா டீமு கும்ஹெலிக்."

அன்று ஹேண்டல் ஆடியது போல அதற்கு முன்னும் பின்னும் ஆடவில்லை. எம்லின் முட்டிய மூன்று பந்துகளை மூன்று மூலைகளிலிருந்தும் எடுத்தான். எந்தப் பக்கம் போகும் என்பது எம்லினுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது பாதியில் கூட்டம் பாட ஆரம்பித்தது. ஹெசல்டன்காரர்களுக்குக் கால் பின்னியது. சமனாக முடிந்தால் அதுவே ஊருக்கு வெற்றி.

எண்பத்தாறாம் நிமிடம் இடப்பக்கமிருந்து ஓர் உயரப் பந்து வந்தது. ஹேண்டல் வெளியே வந்து எம்பிக் கையில் வாங்கினான். வாங்கி இறங்கும்போது பனியில் கால் வழுக்கிற்று. மல்லாந்து விழுந்தான். பந்து கையிலிருந்து நழுவி எம்லின் காலடியில் வந்து நின்றது. முன்னால் வெறும் கோல். இரண்டு கெஜம்.

தரையில் கிடந்தபடியே ஹேண்டல் அவனைப் பார்த்தான்.

"எம்லின், வேணாம்டா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

எம்லின் தட்டிவிட்டான்.

யோசித்துச் செய்தானா என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுப் பார்த்தான். பத்து வருஷப் பழக்கம் காலில் இருந்தது. கால் அதன் வேலையைச் செய்தது. அப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் ஆறும். ஆனால் ஹேண்டலின் குரல் காதில் விழுந்த பிறகுதான் கால் அசைந்தது என்பதும் அவனுக்குத் தெரியும்.

மைதானம் அப்படியே அடங்கிப்போயிற்று. ஹெசல்டன்காரர்கள் வந்து அவன் மேல் விழுந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு எழுந்தபோது, ஹேண்டல் முதுகைக் காட்டிக்கொண்டு வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் கை நீட்டப் போனான் எம்லின். ஹேண்டல் அவனைத் தாண்டி நடந்தான்.

அந்த வாரம் முழுக்க ஊர் கைன்வெனிடம் கணக்குத் தீர்த்தது. மகனுக்கு வேண்டிய கறியை ஹெசல்டனிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லு என்றான் கறிக்கடைக்காரன். கைன்வென் சளைக்கவில்லை. "உன் கறிய விட எம் மவன் காலு மிருதுடா" என்று சொல்லிவிட்டு, பாதி விலைக்கு எலும்பு வாங்கி வந்தாள்.

ஈஸ்டரில் கல்யாணம் நடந்தது. ஹேண்டல் தங்கையை அழைத்துவந்தான், அவள் கையை எடுத்து எம்லின் கையில் வைத்தான், முகத்தைப் பார்க்காமல் போய்ப் பாடகர் குழுவில் நின்றுகொண்டான். அன்று அவன் பாடினதைக் கேட்டு அழாதவர் இல்லை. எம்லினிடம் மட்டும் ஒரு சொல் பேசவில்லை.

அதற்குப் பிறகும் பேசவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எம்லினும் நெஸ்டாவும் வருவார்கள்; ஒரே மேசையில்தான் சாப்பாடு. "நெஸ்டா, உன் வீட்டுக்காரரை அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளச் சொல்லு" என்பான் ஹேண்டல். உப்பு எம்லின் முழங்கையருகே இருக்கும். அவன் தள்ளுவான். நெஸ்டா முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள், அப்புறம் இரண்டு பேரையும் கழுதைகள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

எம்லினுக்கு நல்ல வருஷங்களும் வந்தன. ஹெசல்டன் மேல் பிரிவுக்கு ஏறிய வருஷம் இருபத்தேழு கோல். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் சிவப்புச் சட்டை போட்டு நின்று தேசிய கீதம் பாடினான். கூட்டத்தில் ஹேண்டல் எங்கேனும் இருப்பானோ என்று கண் தேடியது. பிறகு தெற்கே கடலோர ஊர் கிளப் ஒன்றுக்கு விற்றார்கள். அங்கிருந்து இன்னும் கீழே ஒன்று. வலது முழங்காலை இரண்டு தடவை அறுத்தார்கள். எம்பினால் காற்றில் நிற்கிற அந்த ஒரு கணம் எப்போது போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருநாள் தேடினான், இல்லை. எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம், இனி உங்கள் சேவை தேவையில்லை என்று நான்கு வரியில் கடிதம் வந்தது. நெஸ்டா அதைப் படித்துவிட்டு, "வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

கும்ஹெலிக்கில் பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. ஹேண்டலின் இடது கையைச் சுரங்கத்தில் ஒரு வண்டி நசுக்கியிருந்தது; அதன்பின் கோலில் நிற்க முடியாமல் ஊர் அணியின் மேனேஜராகியிருந்தான்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சேப்பல் முடிந்த கையோடு, நல்ல கோட்டுடனேயே ஹேண்டல் வந்தான். எம்லின் பின்தோட்டத்தில் வெங்காயத் தாள்களுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். நெஸ்டா சமையலறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"முழங்கால் எப்படியிருக்கு?" என்றான் ஹேண்டல். பத்து வருஷம் கழித்து அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

"மடங்குது. நீட்டத்தான் நேரமாகுது."

ஹேண்டல் சுவரில் சாய்ந்தான். நல்ல கையால் நசுங்கிய கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு நான் சொன்னத யாருகிட்ட சொன்னே?"

எம்லின் நிமிர்ந்தான். என்ன கேட்கிறான் என்று விளங்க ஒரு நொடி பிடித்தது.

"யாருகிட்டயும் இல்ல."

"டீம் பசங்ககிட்ட?"

"இல்ல மச்சான்."

"நெஸ்டாகிட்ட?"

"நெஸ்டாகிட்டயும் இல்ல. அது உன் வார்த்தை. நான் ஏன் சொல்லப்போறேன்."

ஹேண்டல் வெங்காயப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோல் போட்டதுக்குக் கோவம்னு ஊரே நெனச்சிருக்கு. நீயும் அப்படித்தான் நெனச்சிருப்ப. நான் உன் எடத்துல இருந்தா நானும் போட்டிருப்பேன். நான் கெஞ்சினேன்டா. நாலாயிரம் பேர் நடுவுல படுத்துக்கிட்டு உங்கிட்ட கெஞ்சினேன். ஹெசல்டன் பசங்க அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பானுங்கன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா அதுதான் ஞாபகம் வரும்."

"பத்து வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்" என்றான் ஹேண்டல். "முடியல."

நீ கேட்டும் நான் போட்டேனே, அது என்னை விட்டதேயில்லை என்று சொல்ல நினைத்தான் எம்லின். அதைச் சொன்னால் மறுபடி அவனைத் தரையில் கிடத்தியது போலாகும் என்று பட்டது. கைமண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே கறிச்சாறு கொதிக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்றான்.

"சாப்பிடத்தான் வந்தேன்" என்றான் ஹேண்டல். "இன்னொண்ணு. செவ்வாய்க்கெழம பயிற்சி. பூட்ஸ எடுத்துட்டு வா. எனக்கு முன்வரிசையில ஆட ஆளு இல்ல."

இரண்டு பருவம் ஆடினான் எம்லின். முதல் ஆட்டத்தில் கறிக்கடைக்காரன் கோட்டுக்கு வெளியே நின்று, எந்தப் பக்கம் நம்ம கோல் என்று தெரியுமா என்று உரக்கக் கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எம்லின் அன்று ஒரு கோல் போட்டான், ஆற்றுப் பக்கம், தாழ்ந்து வந்த பந்தைக் குனிந்து முட்டி. கறிக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றினான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எம்லினும் ஹேண்டலும் நெஸ்டாவும் சமையலறையில் உட்கார்ந்து, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று உப்புக் குப்பியையும் கரண்டிகளையும் நகர்த்தி நகர்த்திப் பேசுவார்கள். தான் ஆடிய வருஷங்களில் மறுபடி வாழ எதையாவது தருவதாயிருந்தால் இந்த இரண்டைத்தான் கேட்பேன் என்று எம்லின் வயதான காலத்தில் நெஸ்டாவிடம் சொல்வதுண்டு.

கடைசி ஆட்டம் அடுத்த பள்ளத்தாக்கில், ஏப்ரல் மழையில் நடந்தது. அறுபது பேர் பார்த்திருப்பார்கள். எழுபதாம் நிமிடம் முழங்கால் வீங்கிக் காலை இழுத்துக்கொண்டு நடந்தான். ஹேண்டல் கோட்டோரத்துக்கு வந்தான்.

"போதும் மாப்ள. வா."

"அஞ்சு நிமிஷம்."

ஹேண்டல் மழையில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்தான். "அஞ்சுதான்" என்றான்.

அந்த ஐந்து நிமிடத்தில் பந்து எம்லினிடம் ஒரே ஒரு முறை வந்தது. நெஞ்சில் வாங்கி, இறக்கி, வலப்பக்கம் ஓடிவந்தவனுக்குத் தட்டிக் கொடுத்தான். அவன் அதை வேலிக்கு வெளியே உதைத்தான். எம்லின் பரவாயில்லை என்று அவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவசரமில்லாமல் வெளியே நடந்து வந்தான்.