தோளில் முளைத்த விரல்

பெரியநாயகத்துக்கு ஒரே ஒரு கிறுக்கு. பழைய பத்திரிகைகளுக்காக ஓவியர்கள் கையால் வரைந்த அசல் முகப்படங்களை ஈப்போ முழுக்கத் தேடித் தேடி வாங்குவார். 1979இல் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, பழைய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து ஒரு படம் கிடைத்தது. 1912இல் அங்கே விருந்தாளியாக வந்த ஓவியர் துரைசானியை வரைந்த படம். பத்திரிகையில் அச்சானபோதும் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

சுவரில் மாட்டிய மூன்றாம் நாள் அவள் தோளில் ஒரு விரல் முளைத்தது.

பெரியநாயகம் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். வேண்டாத கோடுகளை ஓவியர்கள் வெள்ளைப் பூச்சால் மறைப்பது வழக்கம்தான், வெக்கையில் பூச்சு உதிர்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் இரண்டு விரல். படத்தைத் திருப்பி வைக்கக்கூடக் கை எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கறுத்த கை ஒன்று அவள் தோளை உரிமையோடு பற்றியிருந்தது. அதில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

மனைவி அகதா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ, ஒங்க தாத்தாவுக்குத்தானே மெஷின்ல பாதி வெரலு போச்சு? அந்த பங்களாவுல வேலை செஞ்சவருலா!"

தாத்தா செத்ததும் அதே 1912இல்தான்.

"அவர புலி அடிச்சிருச்சு," என்றார்.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. துரைதான் வந்து சொன்னாரு."