வலது பக்கக் கழுத்து

வெந்நீர்ப் பேசினுக்குள் வலது கையை முக்கி வைத்துக்கொண்டு தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். சூட்டில் ஊறினால் நரம்பு எழும்பி வரும் என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொல்லியிருந்தாள். தண்ணீர்தான் ஆறிப்போனது, நரம்புக்கு எழும்பி வரும் உத்தேசம் எதுவும் இல்லை. போன தடவை மருந்து ஏற்றிய நரம்பு புறங்கையில் பழுப்பேறி, முறுக்கின நூல் மாதிரி கெட்டியாகக் கிடந்தது.

"கைய நல்லா மூடுங்கக்கா. இன்னும் டைட்டா."

மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த நர்ஸ் தமிழ்ப் பெண். மணிக்கட்டில் குத்திப் பார்த்தாள். அது சரிவராமல் முழங்கை மடிப்புக்குக் கீழே குத்தினாள். ஒவ்வொரு முறையும் ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தும்போது, தனக்கே வலித்தது போல "சோரிக்கா" என்றாள்.

"இந்தக் கையில போட்டா என்னம்மா?" தனலெட்சுமி இடது கையை நீட்டினாள். பதில் தெரிந்த கேள்விதான்.

"அந்தப் பக்கம்தானே மார எடுத்திருக்கு? அக்குள்ல இருந்த நெறிக்கட்டியும் எடுத்தாச்சு. அதுல குத்தினா கை வீங்கிப் போயிரும். இனிமே எப்பவும் வலது கைதான்."

வலது கைதான் கத்தரிக்கோல் பிடிக்கிற கை. கிள்ளான் கடைத்தெருவில் மெய்யம்மை ஆச்சியின் ஜவுளிக்கடை மாடியில் ரவிக்கை வெட்டுகிறவள் அவள். அந்தக் கையை நம்பித்தான் பண்டமாரானில் அவளுடைய இரண்டு பையன்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வந்து கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். மிஸ்ஸி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை விளக்கினாள்.

"நெஞ்சுல, தோலுக்கு அடியில ஒரு சின்ன டப்பா வச்சுத் தச்சிருவாங்க. போர்ட்னு சொல்லுவாங்க. அதுலேர்ந்து ஒரு ட்யூப் பெரிய நரம்புக்குப் போவும். மருந்து, ரத்தம் எடுக்கிறது எல்லாம் அதுலயே. உங்க கையத் தொடவே வேணாம்."

"செலவு?"

"அத ஆஸ்பத்திரியே பாத்துக்கும். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"எந்த எடத்துல வைப்பாங்க?"

டாக்டர் குனிந்து, அவளுடைய வலது காறை எலும்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"வெளிய தெரியுமா?"

"லேசா மேடு தட்டும். அவ்ளோதான்லா. சட்டை போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் சட்டை போடுறவ இல்லம்மா" என்றாள் தனலெட்சுமி. "சேல கட்டுறவ."

மிஸ்ஸிக்கு விளங்கவில்லை. தனலெட்சுமிக்கு டாக்டரின் விரல் பட்டதுமே விளங்கிவிட்டது. முந்தானை இடது தோளில் விழும். வெட்டி எடுத்த பக்கத்தை அது மூடிவிடும். வலது பக்கம் ஊருக்கே திறந்து கிடக்கும்.

பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஜெய்னம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் அவள் கணவருக்குச் சாப்பாட்டுக்கடை. மிஸ்ஸி அந்தப் பக்கம் போனதும் முக்காட்டை விலக்கிக் காட்டினாள். தோலுக்கு அடியில் பெரிய பொத்தான் ஒன்றை வைத்து மூடியது போல இருந்தது.

"பயப்படாம வச்சுக்க புள்ள. எனக்கும் கையெல்லாம் வெந்துபோய்த்தான் இத வச்சாங்க. இப்ப பாரு, பரோட்டாவுக்கு மாவே பெசையிறேன்."

"உங்களுக்கு முக்காடு இருக்குக்கா."

"அது சரி" என்று ஜெய்னம்பு சிரித்தாள். "நீ தைக்கிற கட கிள்ளான்லதானே? எம் மவ சௌதாவுக்குப் பேசி முடிச்சிருக்கு. ஜவுளி எடுக்க அங்கதான் வருவேன்."

"வாங்கக்கா" என்றாள் தனலெட்சுமி. அன்றைக்கு மருந்து எப்படியோ கட்டைவிரலுக்கு மேலிருந்த ஒரு பொடி நரம்பில் ஏறியது. அடுத்த முறை வரும்போது முடிவைச் சொல்ல வேண்டும் என்று மிஸ்ஸி வாசல்வரை வந்து நினைவூட்டினாள். தனலெட்சுமி புதிதாக விட்டிருந்த கொமூட்டர் ரயிலில், எரிகிற கையை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

கடையில் யாருக்கும் எதுவும் தெரியாது. கர்ப்பப்பை ஆப்பரேஷன் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தாள். அதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இடது பக்கத்துக்குப் பஞ்சையும், கனத்துக்குக் கொஞ்சம் கடுகையும் வைத்து அவளே ஒரு பை தைத்துக்கொண்டாள். முடி பாதி கொட்டியதைச் சவுரி மறைத்தது. வாரத்துக்கு நூறு மார்பை அளந்து எழுதுகிற ஆச்சியின் கண்ணுக்கே அது தட்டுப்படவில்லை.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. கிள்ளானில் முகூர்த்த ரவிக்கை என்றால் தனலெட்சுமிதான். பெண்ணின் தாய் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்த தாம்பாளத்தை அவள் கையில் கொடுப்பாள். அவள் துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, அவர்கள் கண்ணெதிரே கத்தரி போடுவாள். வெட்டி முடிகிறவரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அவள் வெட்டிக் கொடுத்த எந்தப் பெண்ணும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பியதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று அவள் விசாரித்ததில்லை. முகூர்த்த ரவிக்கைக்குக் கூலி இரண்டு மடங்கு.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி புற்றுநோய்க்காரி என்று தெரிந்தால் எந்தத் தாய் தாம்பாளத்தை நீட்டுவாள்?

அந்த வாரமே கை காட்டிக்கொடுத்தது. அரக்குப் பட்டில் கழுத்து வளைவுக்கு வரும்போது கட்டைவிரலில் சுரீரென்று ஒரு வலி. கத்தரி கோட்டைத் தாண்டி நூலளவு உள்ளே போய்விட்டது. பெண்வீட்டார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் வெட்டி முடித்தாள். பிறகு பைப்பிங் வைத்துச் சரிக்கட்டினாள். ஹூக் தைத்துக்கொண்டிருந்த சிவகாமி மட்டும் பார்த்துவிட்டாள். அவள் கடைக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான்.

"என்னக்கா கை?"

"ஊசி போட்டுச்சு. ரத்தம் கொறச்சலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் தம்புசாமி சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னாள். துறைமுகச் சரக்குக் குடாங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன் அவன். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டான்.

"ஊருக்கெல்லாம் நீ பட்டன் தைக்கிறே. ஆஸ்பத்திரிக்காரன் ஒனக்குப் பட்டன் தைக்கிறானா?"

அவள் சிரிக்கவில்லை என்றதும் எழுந்து உட்கார்ந்தான். தன் காறை எலும்புக்குக் கீழே தன் கட்டைவிரலாலேயே அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

"வேணாம் தனம். எடுத்தது போதாதுன்னு உள்ள வேற ஒண்ணு வச்சுத் தைக்கணுமா? கை வலிச்சா கொஞ்ச நாள் வீட்ல கெட. நான் ஓவர்டைம் பாக்கிறேன்."

"கொஞ்ச நாள் கெடந்தா கத்தரி வேற ஆளு கைக்குப் போயிரும். பெறகு எங்கிட்ட வராது."

"வச்சா தெரிஞ்சு போயிரும்கிறே. வைக்காட்டி கை போயிரும்கிறே. நான் என்னதான்லா சொல்றது?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவனுக்குத் தானே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது. "நீங்க தூங்குங்க" என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

ஒரு இருபது காசு நாணயத்தை எடுத்து, டாக்டர் காட்டிய இடத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டாள். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, இருக்கிற ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வட்டக் கழுத்தில் காசு முழுசாகத் தெரிந்தது. சதுரக் கழுத்தில் பாதி தெரிந்தது. பஞ்சாபி உடுப்பு போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. கடையில் சேலைதான் கட்ட வேண்டும் என்பது ஆச்சியின் சட்டம். "ஒன் ரவிக்கையப் பாத்துத்தான் அளவு குடுக்க ஏறி வாராக" என்பாள்.

கழுத்து மூட ஒரு ரவிக்கை போட்டால் அது கிழவிகள் போடுகிறது. ஏன் என்று கேள்வி வரும். கேள்வி வராத கழுத்து ஒன்று வேண்டும். பழைய நாளிதழைத் தரையில் விரித்துச் சாக்குக் கட்டியை எடுத்தாள். வலது பக்கம் காறை எலும்புக் குழிவரை ஏற்றி, அங்கிருந்து சரித்து, முந்தானைக்குள் மறைகிற மாதிரி இடது பக்கம் இறக்கினாள். வெட்டி எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். காசு மறைந்துவிட்டது. பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தது.

தாளை மடித்து அலமாரியில் வைத்தபோது முடிவும் ஆகிவிட்டிருந்தது. அடுத்த முறை போனபோது மிஸ்ஸி கேட்பதற்கு முன்பே "வச்சிருங்கம்மா" என்றாள்.

மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தாள். கட்டைப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தம்புசாமியிடம் சொன்னாள்: "தையல் சுமார்தான். என்கிட்ட விட்டிருந்தா இன்னும் நெருக்கமாப் போட்டிருப்பேன்." அன்றைக்குத்தான் அவன் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

மருந்து அதற்குப் பிறகு போர்ட் வழியாகவே ஏறியது. வாந்தியும் அசதியும் வழக்கம்போல வந்தன. கையை மட்டும் யாரும் தொடவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக விரல்கள் இளகின. கத்தரி மறுபடியும் கோட்டின் மேலேயே பிசகாமல் ஓடியது.

புதுக் கழுத்தை முதலில் கவனித்தவள் மெய்யம்மை ஆச்சி.

"இது என்ன தினுசு தனம்? நல்லாருக்கே."

"சும்மா, வெட்டிப் பாத்தேன் ஆச்சி."

"பொம்மைக்கு ஒண்ணு தச்சுப் போடு."

தீபாவளிக்குள் கடை வாசல் பொம்மை அந்தக் கழுத்தோடு நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். கூட்டம் தாங்காமல் ஆச்சி மூன்றாவது மெஷின் வாங்கினாள். தனலெட்சுமிக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஜெய்னம்பு சொன்னபடி வந்தாள். மகள் சௌதாவோடு படியேறி வந்தவள், தனலெட்சுமியைக் கண்டதும் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"அல்லா காப்பாத்துனான் புள்ள. புத்துநோயிலேர்ந்து தேறிட்டே. போர்ட்டு வலிக்காம இருக்கா? மருந்து முடிஞ்சிருச்சுல்ல?" பாசத்தோடு கழுத்துத் துணியை விரலால் லேசாக விலக்கியும் பார்த்தாள். "அடி ஆத்தே, எவ்வளவு அழகா மறைச்சுத் தச்சிருக்கே!"

ஆச்சி அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். சிவகாமியின் மெஷின் ஓடாமல் நின்றது.

ஜெய்னம்பு வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, தான் என்ன செய்தோம் என்பது தெரியாமலே சந்தோஷமாகப் போனாள். அவள் மேல் கோபப்படக்கூடத் தனலெட்சுமிக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் ஆச்சி கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாள். கண் கலங்கித்தான் பேசினாள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் வேலைய விட்டு அனுப்பிருவேனா? ஒன்ன மாதிரி வெட்ட ஆளு எங்கிட்டு இருக்கு?"

"தப்புதான் ஆச்சி."

"கல்யாணக்காரவுக மனசு ஒரு மாதிரி, தனம். நாள பின்ன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கடைமேல சொல்லு வரும். அதான் யோசிச்சேன். நடுவுல ஒரு திரையப் போட்டுருவோம். நீ அந்தப் பக்கம் ஒக்காந்துக்க. காத்தாடியும் வச்சுத் தாரேன். முன்னாடி சிவகாமி தாம்பாளத்த வாங்கிக்கிரட்டும். வெட்டுறது நீதான்."

"முகூர்த்தக் கூலி ஆச்சி?"

"அது தாம்பாளம் வாங்குறவளுக்குத்தானே வழக்கம்" என்றாள் ஆச்சி, ரொம்ப மெதுவாக.

தை மாதம் பிறந்ததும் முதல் பெண்வீட்டார் வந்தார்கள். பச்சைப் பூப்போட்ட திரைக்குப் பின்னால் தனலெட்சுமி கத்தரியோடு காத்திருந்தாள்.

"பொம்மையில போட்டிருக்கே, வலது பக்கம் ஏத்தின கழுத்து, அதே மாதிரி வேணும்மா" என்றது பெண்ணின் தாய் குரல். "இந்தா, வாங்கிக்க. நல்ல கையா இருக்கணும்."

சிவகாமி துணியில் மஞ்சள் வைத்து, அவர்கள் கண்முன்னே ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளால் தனலெட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் வேணாம்னுதான்க்கா சொன்னேன்."

"ஒக்காரு" என்றாள் தனலெட்சுமி.

பட்டை விரித்துக் கோடு போட்டாள். வலது பக்கம் காறை எலும்புவரை ஏற்றினாள். கத்தரி பட்டில் இறங்கியது. மேஜைப் பலகையில் அதன் சத்தம் சீராக, தயங்காமல் போய்க்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் தாய் ஆச்சியிடம் சொன்னாள்:

"சத்தத்துலயே தெரியுதுங்க ஆச்சி. அந்தப் பொண்ணுக்குச் சுத்தமான கை."

சிவகாமி தாம்பாளத்தை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தனலெட்சுமியின் கை நிற்காமல் வளைவைச் சுற்றி வெட்டிக்கொண்டு போனது.