எண்ணெய் இருக்கும் பக்கம்

நாளை முதல் நண்டுக் கூடைகளைத் தங்கள் பழைய மோட்டார் சைக்கிளிலேயே மீஞ்சூர் ரயிலுக்குக் கொண்டுபோவது என்று மீனவன் வடிவேலுவும் மனைவி தேசம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடி அதிர்ந்தது.

வடிவேலு வாசலிலேயே ஃபோர்க்கைக் கழற்றி, சீல் என்னும் தேய்ந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். எண்ணெய் ஊற்றி அழுத்தினான். புதிய வளையத்தைச் சுற்றியும் வழிந்தது.

“இன்னாய்யா, புதுசும் ஒழுவுது?”

“தெரியலம்மே. சீலோட உதட்டு ஓரத்த வெளியதான் பாக்க வெச்சேன். தண்ணி உள்ள பூந்துடக் கூடாதுல்ல?”

தேசம்மா சிரித்துவிட்டாள். “படகுன்னு நெனச்சியா? இதுல எண்ணெதான் வெளிய போவக் கூடாது. உதடு உள்ள பாக்கணும்யா.”

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். வேறு சீல் கையில் இல்லை. எடுக்கும்போது இது கிழிந்தால் நாளைய பயணம் இல்லை. நெம்ப அவன் எடுத்த ஸ்க்ரூடிரைவரை அவள் பிடுங்கிக்கொண்டு ஒரு கரண்டியைக் கொடுத்தாள். அதன் மழுங்கிய காம்பால் சுற்றிச் சுற்றி நெம்பினான். சீல் கிழியாமல் வந்தது. திருப்பிப் போட்டான்.

மறுபடி எண்ணெய் ஊற்றி அழுத்தினான். ஃபோர்க் இறங்கி மெல்ல எழுந்தது. தேசம்மா தடவிப் பார்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை.

“கூடையக் கட்டுறப்ப எனக்கும் எடம் வுடு,” என்றாள்.