வெட்டிய பச்சை வயர்

உயிரின் விலை எழுபத்தைந்து பைசா. ஆயிரமாக எடுத்தால் அறுபதுக்குப் படியும். திருச்சி பெரிய கடை வீதிச் சந்தில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் பீமராவ் அந்த விலைக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தார். ரெங்கராஜ் அந்த விலைக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

"இது நம்மூர் பாதுகாப்பு முத்திரை, இது ஐரோப்பா, இது கனடா." பீமராவ் மூன்று தாள்களை மேசைமேல் விரித்தார். "மூணும் வெள்ளி பேப்பர். தண்ணி பட்டாலும் உரியாது."

"கனடா மட்டும் போதும். அம்பது பைசா."

"ரெங்கு, ஐரோப்பாவே அறுபதுக்குப் போகுது. கனடா இன்னும் தூரமாச்சேய்யா!"

ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்தில் பட்டறை வைத்து, கோயில்களுக்கு மின்சார மேளம் செய்பவர். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுழன்று, கோல்கள் முரசை அடித்து, பித்தளை மணிகள் குலுங்கி, ஆளே இல்லாமல் தீபாராதனைக்கு முழங்குமே, அந்தப் பெட்டி. இதுவரை நூற்று நாற்பத்து மூன்று செய்து கொடுத்திருந்தார். எல்லாவற்றின் முதுகிலும் பாதுகாப்பு முத்திரை மின்னியது. அவற்றில் ஒன்றுகூடச் சோதனைக்கூடத்தின் வாசலைப் பார்த்ததில்லை.

டொராண்டோவில் கோயில் நடத்தும் தமிழர்கள் தங்களுக்கும் சுற்றியுள்ள கோயில்களுக்குமாக நாற்பது பெட்டி கேட்டிருந்தார்கள். அந்த ஒரு ஆர்டரில் பட்டறைக் கடன் முழுதும் அடைந்துவிடும். முத்திரை ஒட்டிய பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். உடனே பதில் வந்தது: சோதனை அறிக்கையின் எண் என்ன? இங்கே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார்கள்.

பீமராவால் எதையும் அச்சடிக்க முடியும். கனடாக்காரனின் கம்ப்யூட்டருக்குள் போய் அச்சடிக்க முடியாது.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, பட்டறை மேஸ்திரி குத்புதீனோடு ஒரு பெட்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு, துவாக்குடிப் பக்கம் இருந்த தனியார் சோதனைக்கூடத்துக்குப் போனார். சட்டைப்பையில் ஒரு கவரும் கூடவே போனது.

அங்கே பொறியாளராக இருந்த ஜெஸ்லின் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கவரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அறிக்கை மட்டும் கொடுத்தாப் போதும்மா. மெஷினை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க? மேல எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார் ரெங்கராஜ்.

"கவரை உள்ள வைங்க சார். மெஷினை இறக்குங்க."

ஜெஸ்லின் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, நகைக்கடை மோதிரம்போலப் பஞ்சணையில் படுத்திருந்தது ஒரு விரல். உலோக விரல். மனித விரலைப் போலவே இரண்டு இடத்தில் மடங்கியது. அதன் அடியிலிருந்து ஒரு வயர் கிளம்பி ஒரு சிறு விளக்கில் முடிந்தது.

மணிக்கோல் ஆடுவதற்காகப் பெட்டியில் விட்டிருந்த சந்துக்குள் அந்த விரலை மெல்ல நுழைத்தார். விரல் உள்ளே போய், எதையோ தேடுவதுபோல ஒருமுறை மடங்கியது. விளக்கு எரிந்தது.

"மோட்டார் முனையைத் தொட்டுடுச்சு சார். நிஜ விரலா இருந்திருந்தா இந்நேரம் ஆள் இல்ல."

ரெங்கராஜின் கை தானாகப் பின்னுக்குப் போனது. "யாரோட விரல்மா இது?"

"எல்லாரோடதும்தான். ஒரு நாட்டு பிளக் இன்னொரு நாட்டுல நுழையாது. கனடாவுல கரண்டோட துடிப்பே வேற, இந்த மோட்டாரை மாத்தாம அனுப்பினா உங்க மேளம் தாளம் தப்பிடும். ஆனா இந்த விரலை ஜப்பான்லயும் வச்சிருப்பாங்க, ஜெர்மனியிலயும் வச்சிருப்பாங்க, இதே அளவுல. குழந்தைங்களுக்குன்னு இதைவிடச் சின்னதா ஒண்ணு தனியா இருக்கு."

ரெங்கராஜ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தம் விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவருக்கு, இரண்டு கடைக்காரர்கள் ஒரு விலைக்கு ஒத்துப்போவதே எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். எல்லைக்கும் எண்ணெய்க்கும் அடித்துக்கொள்ளும் நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ ஒருவரின் விரல் எவ்வளவு நீளும், எங்கே மடங்கும், எந்தச் சந்தில் நுழையும் என்று யோசித்திருக்கின்றன. யோசித்து ஒத்தும் போயிருக்கின்றன! ஆயிரங்கால் மண்டபத்தில் முதல்முறை நின்ற பிள்ளையைப்போல அவர் அதையே பார்த்தபடி நின்றார்.

ஜெஸ்லின் இதற்குள் பெட்டியின் பின்தகட்டைக் கழற்றியிருந்தார். "யாரு சார் இந்த பச்சை வயரை வெட்டினது?"

குத்புதீன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

பல வருடம் முன்பு, தொட்டியத்தில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகத்தன்று மேளத்தைப் போட்டதும் மொத்தக் கோயிலுக்கும் கரண்ட் ட்ரிப் ஆகிவிட்டது. அர்ச்சகர் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். அன்று முதல் புதிய பெட்டி, முன்பே கொடுத்த பெட்டி எல்லாவற்றிலும் பச்சை எர்த் வயரை வெட்டி டேப் சுற்றச் சொன்னார் ரெங்கராஜ். அதற்குப் பிறகு ஒரு புகாரும் வந்ததில்லை. அதை அவர் தம் தொழில் சாமர்த்தியமாகவே நினைத்திருந்தார்.

"கரண்ட் வயரு தகட்டு ஓட்டையில உரசுது. ரப்பர் வளையம் போடல. என்னிக்காவது தோல் கிழியும், அன்னிக்குப் பெட்டி முழுக்கக் கரண்ட் நிக்கும்" என்றார் ஜெஸ்லின். "பச்சை வயர் இருந்தா அது மண்ணுக்குள்ள போகும், உடனே ட்ரிப் ஆகும். வெட்டிட்டீங்கன்னா, யாராவது வந்து தொடற வரைக்கும் அது காத்துக்கிட்டிருக்கும். கோயில்ல இதை யாரு சார் தொடுவாங்க? செருப்புப் போட்டிருப்பாங்களா?"

ரெங்கராஜ் அர்ச்சகர்களை நினைத்துப் பார்த்தார். ஈர வேட்டி, ஈரத்தரை, வெறுங்கால். அதோடு இன்று வெள்ளிக்கிழமை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் 'ரெங்கராஜ் உபயம்' என்று பெயின்ட் அடித்து நிற்பது அவர் செய்த முதல் பெட்டி. அதன் மணிகளை வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்ப்பவள் அவர் மனைவி குமுதவல்லி.

போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். நாலாவது முறைதான் எடுத்தாள்.

"என்னங்க, உசிரு போற மாதிரி அடிக்கிறீங்க? கையெல்லாம் புளி."

"மெஷின் கிட்ட நிக்கிறியா?"

"பின்ன எங்க நிப்பேன்? மூணு மணியைத் தேய்ச்சாச்சு, இன்னும் ஒண்ணுதான்."

"குமுதா, தொடாத. அப்படியே வெளிய வந்துடு. யாரையும் கிட்ட விடாத. நான் செஞ்சது சரியில்ல."

"இதைச் சொல்ல இருபது வருஷமா?" என்றாள். நல்லவேளை, அதைக் கேட்க அவள் இருந்தாள்.

திரும்பும் வழியில் குத்புதீன்தான் வாயைத் திறந்தார். "மொதலாளி, வீட்டுக்கு போன் போட்டீங்க. மீதி நூத்து நாப்பத்திரண்டு கோயிலுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று மாதம் ஆனது. டொராண்டோவுக்கு உள்ளதை எழுதினார். நாற்பது பெட்டியும் வேறு ஊர்க்காரருக்குப் போனது. பட்டறைக் கடனோடு இன்னொரு கடனும் சேர்ந்தது. அவரும் குத்புதீனும் ஊர் ஊராகப் போய்ப் பச்சை வயரை இணைத்தார்கள், ரப்பர் வளையம் போட்டார்கள், விரல் நுழையாதபடி சந்துக்குத் தடுப்பு வைத்தார்கள், எர்த் இல்லாத கோயில்களில் குழி தோண்டி எர்த்தும் போட்டார்கள். போன இடமெல்லாம் ரெங்கராஜ் தம் கையாலேயே அந்த வெள்ளி முத்திரையைச் சுரண்டி எடுத்தார். பீமராவ் சொன்னது உண்மைதான், லேசில் உரியவில்லை.

பீமராவே ஒருநாள் பட்டறைக்கு வந்தார். "ஸ்டிக்கர் தீர்ந்திருக்குமே ரெங்கு? பழகின ஆளு, அம்பதுக்கே தரேன்."

"இனிமே நீ சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்த முத்திரையை நம்பித்தான்யா முன்பின் தெரியாத ஒருத்தரு ஈரக்கையோட வந்து தொடறாரு. சோதிக்காம அதை ஒட்டறது, அவரைக் கூப்பிட்டு வச்சுக் கொல்றதுதான். இத்தனை நாள் நீயும் நானும் அதைத்தான் செஞ்சோம். உன் மெஷினை நிறுத்து."

பீமராவ் எழுந்து போனார். குத்புதீன் நோட்டை நீட்டினார்.

கொடுத்தது நூற்று நாற்பத்து மூன்று. சரிசெய்தது நூற்று முப்பத்தொன்பது. மீதி நான்கும் துறையூரில் வரி மிச்சம் என்று பில் போடாமல் கொடுத்தவை. யார் வாங்கினார்கள், எந்தக் கோயிலில் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. ரெங்கராஜ் கடைசி வரியைத் தம் கையால் எழுதினார்.

பாக்கி: நான்கு.