ஸைனுலாப்தீன் மாஸ்டர் கண்டதும் காணாததும்

ஸைனுலாப்தீன் மாஸ்டர் கல்முனையில் பௌதிகம் படிப்பித்தவர். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்றே சொல்லியிருப்பேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் யாரோ அவருக்குத் தத்துவத்தையும் ஊட்டி அனுப்பிவிட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், "நாம பாக்காத நேரம் இந்தக் கோப்பை இங்க இருக்கெண்டு எப்படிச் சொல்லுவீங்க?" என்பார். நாங்கள் கோப்பையைப் பார்ப்போம், அவரைப் பார்ப்போம், பெரிய படிப்பென்று தலையை ஆட்டுவோம்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முதல்நாள் கடலுக்குப் போன சீனிமுகம்மது திரும்பி வரவில்லை. பிறகு பாண்டிருப்புக் கரையில் ஒரு மையித்து ஒதுங்கியது. முகம் இல்லை. இடக்கையில் சுண்டுவிரலும் இல்லை. சீனிமுகம்மதுவுக்கு அந்த விரல் சிறுவயதிலேயே கத்தி பட்டுப் போனது. ஊரே செத்தவீடாகக் கிடந்த நேரம். தோணிக்கார மீராசாவும் மாஸ்டரும்தான் தூக்கி அடக்கினார்கள். சீனிமுகம்மதுவின் மனைவி நதீராவுக்குக் காட்டக்கூட அவகாசம் இருக்கவில்லை.

நாலு வருடம் அவள் பாய் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். பிறகு அக்கரைப்பற்று நெல் வியாபாரி ஆதம்பாவா பெண் கேட்டு வந்தார். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதில் என்ன வெட்கம்? ஆனால் புருஷன் மவுத்தென்று இரண்டு பேர் சாட்சி சொன்னால்தான் நிக்காஹ் என்றார் காதியார்.

பள்ளிவாசலில் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மார் அத்தனை பேரும் கூடினார்கள். மீராசா விரலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாஸ்டர் எழும்பினார். அப்படியொரு சபை கிடைத்தால் அவர் விடுவாரா?

"ஒரு பூனையப் பெட்டிக்குள்ள அடைக்கிற. உள்ள நஞ்சுக் குப்பி. அது உடையலாம், உடையாமலும் விடலாம். திறந்து பாக்குற வரைக்கும் பூனை உயிரோடயும் இருக்கு, மவுத்தாவும் இருக்கு. இந்தக் காலத்துப் பௌதிகம் அப்படித்தான் சொல்லுது. நான் முகத்தக் காணல்ல. விரல மீன் திண்டிருக்கும். காணாததுக்கு எப்படிச் சாட்சி சொல்லுற?"

திரைக்குப் பின்னாலிருந்த நதீரா, "விரல் பழைய தழும்பெண்டு நீங்கதானே சேர் அண்டைக்கு என்ட உம்மாட்டச் சொன்ன?" என்றாள்.

"அது ஆறுதலுக்குச் சொன்ன."

மரைக்காயர்மாருக்குப் பூனை விளங்கவில்லை. விளங்காததால் மரியாதை இன்னும் கூடியது. விஷயத்தை ஒத்திவைத்தார்கள். ஆதம்பாவா ஒரு போகம் பொறுத்திருந்தார். அடுத்த போகம் அறுக்குமுன் சாய்ந்தமருதில் வேறு பெண்ணை முடித்துக்கொண்டார்.

அந்த வருடம் நோன்பு இருபத்தொன்பதன்று மாலை வானமெல்லாம் மேகம். ஊர் கடற்கரையில் பிறைக்காக நின்றது. அறுக்கிற மாடு கட்டியாயிற்று, பிள்ளைகளுக்கு மருதாணி அரைத்தாயிற்று. மாஸ்டர் கையை நீட்டி, "அந்தா, கண்டன்" என்றார். அவர் காட்டிய இடத்தில் பாங்கு சொல்லும் மோதினாரும் கண்டார். பெருநாளென்று ஒலிபெருக்கியில் தக்பீர் கேட்டது.

பெருநாள் பகல் மாஸ்டர் வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் பலகாரம் தின்றுகொண்டிருந்தோம். தன் சாமர்த்தியத்தை அவரே சொன்னார். "கண்ணுக்குத் தெரியல்லதான். கணக்குப்படி அங்க இருந்தது. மேகம் மறைச்சா பிறை இல்லாமப் போயிருமா?"

மாஸ்டரின் மனைவி றுகையாவுக்குப் பலகாரத் தட்டு கொண்டுவந்த நதீரா, வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேகத்துக்குப் பின்னால பிறை இருந்ததெண்டா, மண்ணுக்குக் கீழ என்ட மாப்பிள்ள இல்லையா சேர்?"

வாயில் வைத்த தொதலை நாங்கள் மெல்லவில்லை. மாஸ்டருக்குக் கோபம் வந்திருந்தால்கூட நான் அவரை மன்னித்திருப்பேன். வகுப்பில் கணக்கு விளங்கப்படுத்துகிற அதே குரலில் சொன்னார்.

"பிறை ஊருக்கே வேணும் புள்ள. சீனிமுகம்மது மவுத்தாகணும் எண்டு உனக்கு மட்டும்தானே வேணும்."

தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று றுகையா இரண்டு துண்டு தொதல் வைத்துக் கொடுத்தாள். நதீரா அதை வாங்கிக்கொண்டு போனாள். நாங்கள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினோம்.