காலி வீட்டிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்

அக்கா, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் பேசு. பாதியிலேயே போன் போட்டு "உனக்கு என்ன கிறுக்கா" என்று கத்தாதே.

நான் இருந்த அறையைப் படத்தில் பார்த்திருக்கிறாய். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில்கள், மேலே படுத்தவன் புரண்டால் கீழே இருப்பவன் முழித்துக்கொள்வான். ஓட்டல் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளை மடித்துவிட்டு, ராத்திரி கசங்கிய விரிப்பில் படுப்பேன். மனைவியையும் பாப்பாவையும் இங்கே அழைக்கவேண்டும் என்றால் தனிப் படுக்கையறை உள்ள வீடு காட்டவேண்டும், அதுதான் இந்த நாட்டுச் சட்டம். அப்படிப்பட்ட வீட்டின் வாடகை என் சம்பளத்தை விழுங்கி ஏப்பம் விடும்.

அப்போதுதான் வீட்டுத் தரகர் ஒருவர் மாட்டினார். இடுப்பில் கொத்துச் சாவி கலகலக்க நடப்பதால் எல்லாருக்கும் அவர் 'சாவி அண்ணன்'.

"பாதி வாடகைதான் தம்பி. உள்ள போய்ப் பாருங்க" என்றார், நாலாவது மாடியில் ஒரு கதவைத் திறந்துவிட்டு.

"நீங்க வரலையாண்ணே?"

"எனக்கு முட்டி வலி."

நாலு மாடி ஏறிய மனுஷனுக்கு வாசல்படி தாண்டத்தான் முட்டி வலியாம்.

குறுகலான கூடம், ஓரமாக ஒரு சமையல் மேடை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு என்றார், ஆனால் ஒரு பொட்டுத் தூசி இல்லை. படுக்கையறையில் தரை ஓரங்கள் ஈரமாக இருந்தன, யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டு எழுந்து போன மாதிரி.

"யாருண்ணே தொடைக்கிறாங்க?"

"யாரு தொடைப்பா? சாவி எங்கிட்டல்ல இருக்கு" என்றார் வெளியிலிருந்தே.

திரும்ப வந்து செருப்பை மாட்டும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா பழக்கிவிட்டதுதானே அக்கா, 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு எங்கேயும் கிளம்பக்கூடாதென்று?

"போயிட்டு வரேன்" என்றேன், காலி வீட்டைப் பார்த்து.

"சரி. போயிட்டு வா" என்று படுக்கையறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

பெண் குரல். கைவேலையை விடாமல், தலையைக்கூடத் திருப்பாமல் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

பூட்டப்போன சாவி அண்ணனின் கை நின்றுவிட்டது. "யார்கிட்ட சொன்னீங்க?"

"சும்மா வாய்ப் பழக்கம்ணே. உள்ள யாரு?"

"எத்தனையோ பேருக்கு இந்த வீட்டைக் காட்டியிருக்கேன் தம்பி. பாத்துட்டு பேசாம போயிடுவாங்க. வரேன்னு எவனும் சொன்னதில்ல" என்றவர், எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ.

அந்த வீடே வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டேன். தையல்கடைக்காரர் ஒருவர் கடைக்கு மேலே இருந்த வீட்டைக் காட்டினார். சின்னதுதான், நாலு பேரிடம் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். மறுநாள் போனால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

"என்னங்க, இப்படிப் பேச்சு மாறலாமா?"

"நானா மாறுனேன்? காலையில உங்க வீட்டம்மாதானே வந்து சொன்னாங்க. வேற வீடு பாத்தாச்சு, அவரு வரேன்னு சொல்லிட்டாருன்னு."

"என் வீட்டம்மா ஊர்ல இருக்கா!"

"அப்ப அது யாரு? கை ரெண்டும் ஈரம். தரை தொடச்சிட்டு அப்படியே எழுந்து வந்த மாதிரி நின்னாங்க."

அடுத்துப் பார்த்த வீட்டிலும் இதே கதை. அங்கேயும் ஈரக்கை.

மனைவியோ போனில் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா எங்கன்னு கேட்டா பாப்பா போனைக் கொண்டாந்து காட்டுறா. உங்களுக்கு உடம்புன்னு ஒண்ணு இருக்கிறதே அவளுக்குத் தெரியாது." அதற்குமேல் எனக்கு என்ன வழி? சாவி அண்ணனிடமே போய் அந்த வீட்டை எடுத்தேன்.

முதல் நாள் வேலை முடிந்து கதவைத் திறந்ததும் கேட்டது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்" என்றேன். அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பயந்தேன்தான், ஆனால் மனசுக்கு இதமாகவும் இருந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. தினமும் தரை பளிச்சென்று இருக்கும். வேறு தொந்தரவு கிடையாது. பழகிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கும் பாப்பாவுக்கும் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். படுக்கையறையில் நின்றபடி போனை வைக்கப்போனேன். பாப்பா கையை ஆட்டி, "போயித்து வதேன்" என்றாள்.

"சரி. போயிட்டு வா" என்றது என் முதுகுக்குப் பின்னால்.

மனைவி சிரித்தாள். "யாருங்க, பக்கத்து வீட்டம்மாவா? குரலே எவ்வளவு பாசமா இருக்கு!"

அந்தப் பக்கம் வீடே கிடையாது அக்கா. சுவர், அதற்கு அப்பால் வெறும் காற்று.

இப்போதைக்குக் கிளம்பவேண்டாம் என்று நேற்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். குதித்தாள்.

"வெளயாடுறீங்களா? பெட்டியே கட்டியாச்சு. பாப்பாவை எங்கம்மாகிட்ட விட்டுட்டு டிக்கெட் எடுக்க டவுனுக்கு வந்தவ நான் இன்னும் வீடு திரும்பல, அங்க உங்க அக்கா வந்திருக்காங்க. எங்கம்மா அவங்களக் கல்யாணத்துல பாத்ததோட சரி, மொதல்ல அடையாளமே தெரியலையாம். பாவம், வந்தவங்க சும்மா இருக்காம வீடு பூராப் பெருக்கித் தொடச்சிருக்காங்க. ஈரக்கையோடவே பாப்பாவைத் தூக்கி வச்சுக்கிட்டு, 'இவ வரேன்னு சொல்லிட்டா, நான்தான் கூட்டிட்டுப் போவேன்'னு ஒரே கொஞ்சலாம். ராத்திரிக்கும் அங்கயே தங்கிக்கிறாங்களாம்."

அக்கா, நீ அங்கே போனாயா? போனேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும். போகவில்லை என்றால் இப்போதே ஓடு, பாப்பாவை வாங்கி உன் இடுப்பில் வைத்துக்கொள்.

நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்றுமுன் உள்ளே போனேன். 'வந்துட்டியா' என்று யாரும் கேட்கவில்லை. நானே "வந்துட்டேன்" என்று கத்திப் பார்த்தேன். பதில் இல்லை. தரையெல்லாம் தூசி.